இருமலுக்குச் சொன்ன பதில்

வானொலி நிலையத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். கையில் கத்தரிக்கோலைப் பிடித்து வேலை செய்தவள் இல்லை. கணினித் திரையில் ஓடும் ஒலி அலைகளை வெட்டி ஒட்டுவதுதான் அவள் தொழில். பேசுகிறவர்களின் 'ம்ம்', 'வந்து', 'அதாவது' எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து, ஒரு மணி நேரப் பேச்சை அரை மணிக்குள் அடக்கித் தருவாள். சும்மா சொல்லக் கூடாது, வெட்டின இடம் தெரியாது. திக்கித் திணறிப் பேசிவிட்டுப் போனவர்கள்கூட ஒலிபரப்பில் தங்கள் குரலைக் கேட்டு, பரவாயில்லையே, நமக்கும் பேச வருகிறதே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள்.

அவள் வெட்டிக் கொடுத்த நிகழ்ச்சிகளில் பெயர்போனது 'அரை மணி ஞானம்'. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரும். தத்துவம் என்றாலே தாடிக்காரர்கள் சமாசாரம், நமக்கு எதற்கு என்று ஒதுங்குகிறவர்களுக்காகவே நடத்தினார்கள். நேயர்கள் கடிதம் போடுவார்கள். நல்லவனாக இருந்து நான் என்ன கண்டேன்? செத்துப்போனவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டுமா? என் நாய்க்குப் பாசம் என்மேலா, பிஸ்கட்மேலா? விஷயம் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதையெல்லாம் கேட்பார்கள். வந்தவர் பெரிய வார்த்தை எதையாவது அவிழ்த்துவிட்டால் தொகுப்பாளர் உடனே, "எனக்குப் புரியலையே" என்று சொல்ல வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்குக் குறைந்தது மூன்று 'புரியலையே' என்பது நிலையத்தின் விதி. தொகுப்பாளருக்குப் பாதி நாள் நிஜமாகவே புரியாது, அதனால் நடிக்க வேண்டிய சிரமம் இல்லை.

வருகிறவர்களில் நேயர்களுக்கு மிகவும் பிடித்தவர் கல்லூரியில் அறவியல் நடத்தும் பேராசிரியை ஒருவர். அறுபதைத் தாண்டியவர். எதைக் கேட்டாலும் நிதானமாக ஒரு பதில் சொல்வார். அப்பாடா, ஒரு முடிவுக்கு வந்தோம் என்று நாம் மூச்சுவிடும்போது "ஆனா..." என்பார். அவ்வளவுதான், கட்டின வீட்டின் அஸ்திவாரத்தையே தோண்ட ஆரம்பித்துவிடுவார். நிலையத்தில் அவருக்கு ஆனாம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும், கோபப்பட்டதில்லை.

இனி வீட்டு விவகாரத்துக்கு வருவோம். கத்தரிக்கு ஒரே அக்கா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை தப்பென்றால், வழி சரியாக இருந்தாலும் அரை மார்க்கூடப் போடாத ரகம். அப்பா அக்காவோடு இருந்தார். கத்தரி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாலும், வேலை முடிந்ததும் தினமும் அங்கேதான் போவாள். அப்பா ரயில் ஓட்டியவர். மூன்று வருடமாக மறதி அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. சட்டைக்குப் பொத்தான் போட மறந்தது, தெரு மறந்தது, சில நாள் பெற்ற பெண்களின் முகமே மறந்தது. நேரம் மட்டும் மறக்கவில்லை. சாயங்காலம் ஆறேகால் ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து வாசலைப் பார்ப்பார்.

"உங்க அம்மா இன்னும் வரலையா?"

அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அக்கா ஒவ்வொரு நாளும் உண்மையைச் சொன்னாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா இறந்துட்டாங்கப்பா" என்பாள். அப்பா அதை ஒவ்வொரு நாளும் முதல் தடவையாகக் கேட்பார். முகம் அப்படியே உதிர்ந்து போகும். கால் மணி நேரம் அழுவார். பிறகு எதற்கு அழுதோம் என்பது மறந்து, ஈரக் கண்ணோடு டீ கேட்பார். கத்தரிக்கு இதைப் பார்க்கவே முடியாது. அவள் முந்திக்கொண்ட நாட்களில், "கடைக்குப் போயிருக்காங்கப்பா, இதோ வந்துடுவாங்க" என்று சொல்லிவிடுவாள். அப்பாவும் சரி என்று தலையாட்டுவார்.

இதற்காக அக்காவும் தங்கையும் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை.

"தினமும் அந்த மனுஷனைக் கொல்றே அக்கா நீ. நல்லா இருக்கா உனக்கு?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா? அவர் புருஷன்டி. பொண்டாட்டி செத்தது அவருக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறார்?"

"அதை நீ எப்படி முடிவு பண்ணுவே?"

அக்காவை மடக்க ஊரில் ஒரே ஒருவரால்தான் முடியும், அது ஆனாம்மா. அக்கா 'அரை மணி ஞானம்' கேட்காத சனிக்கிழமையே கிடையாது. கையில் பேனாவோடு உட்கார்ந்து குறிப்புக்கூட எடுப்பாள். ஆனாம்மா சொன்னால் அது வேதவாக்கு. அப்போதுதான் கத்தரியின் மண்டையில் அந்தக் குறுக்குப் புத்தி முளைத்தது. 'பெயர் வேண்டாத நேயர்' என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் தட்டி, வந்த கடிதங்களின் நடுவில் செருகிவிட்டாள். மறதி வந்த பெரியவர் இறந்துபோன மனைவியை எங்கே என்று கேட்கிறார், பொய் சொல்லலாமா? தொகுப்பாளருக்குப் படித்த உடனே பிடித்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

ஒலிப்பதிவு அன்று கத்தரி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே தொகுப்பாளர் கடிதத்தைப் படித்து முடித்து, பெரிதாக இருமினார்.

"மன்னிக்கணும் மேடம், தொண்டை சரியில்ல."

"அதுல ஒண்ணும் தப்பில்ல. தண்ணி குடிங்க."

அவர் குடித்துவிட்டு ஆரம்பித்தார். "பொய் சொல்றது தப்புன்னுதானே மேடம் சின்ன வயசுலேர்ந்து சொல்லிக் குடுக்கறோம்?"

"ஏன் தப்புன்னு சொல்லிக் குடுத்தோமா? உங்ககிட்ட ஒருத்தர் வழி கேக்கறார். நீங்க வேணும்னே தப்பான வழி சொல்றீங்க. அவர் கால் அவரோடதுதான், அது எங்க போகணும்னு முடிவு பண்ணினது நீங்க. அவர் வாழ்க்கையை ஓட்டற பிடியை அவருக்குத் தெரியாமலே பிடுங்கிட்டீங்க. பொய்யில இருக்கற கெடுதல் அதுதான்."

"புரியலையே மேடம். இந்தப் பெரியவர்தான் எங்கயும் போகப் போறதில்லையே?"

"அதுதான் விஷயம். உண்மையை வெச்சு அவர் எந்த முடிவும் எடுக்கப் போறதில்ல. கால் மணி நேரம் அழுவார், மறந்துடுவார், நாளைக்கும் அழுவார். அப்படின்னா இங்க பொய் அவர்கிட்டேர்ந்து எதையும் பிடுங்கல. இது ஒரு விதத்துல கருணைன்னுகூடச் சொல்லலாம்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கத்தரி நாற்காலியில் துள்ளாத குறை. அக்காவின் முகத்தை இப்போதே பார்க்க வேண்டும் போலிருந்தது.

"ஆனா..." என்றார் ஆனாம்மா.

பிறகு வெகுநேரம் பேசவில்லை. கத்தரி திரையைப் பார்த்தாள். அலை எழும்பாமல் ஒன்பது விநாடி ஓடியது.

"ஆனா, அழறதும் ஒரு காரியம்தானே? அத்தனை வருஷம் கூட இருந்தவளுக்காக அழறது அவர் செய்ய வேண்டியது. அதை வேண்டாம்னு நாம எப்படித் தள்ளி வைக்கறது? எனக்கு நிஜமாவே தெரியல. அந்த நேயர் எதிர்ல இருந்தா ஒண்ணே ஒண்ணு கேப்பேன். அவர் அழக் கூடாதுன்னு பொய் சொல்றீங்களா, இல்ல அந்த வார்த்தையை உங்க வாயால சொல்ல முடியலன்னு சொல்றீங்களா?"

"அப்போ முடிவா என்ன மேடம் சொல்றீங்க?"

"முடிவு வெளியிலேர்ந்து வராது. அந்த வீட்ல இருக்கறவங்க உக்காந்து பேசணும். அழணும்னா சேர்ந்து அழணும்."

கத்தரிக்குக் காது சுட்டது. யாரோ கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அறைந்த மாதிரி இருந்தது. இவருக்கு என்ன தெரியும், தினமும் ஆறேகாலுக்கு அந்த முகத்தைப் பார்த்திருக்கிறாரா இவர் என்று பொருமினாள். மறுநாள் காலை வெட்ட உட்கார்ந்தபோதும் அந்தப் பொருமல் அடங்கவில்லை.

'ஆனா' என்ற சொல்லுக்கு முன்னால் நறுக்கினாள். அதற்குப் பின்னால் இருந்த ஐந்து நிமிடத்தையும் அள்ளி ஓரம் கட்டினாள். அப்படியும் சிக்கல். 'கருணைன்னுகூடச் சொல்லலாம்' என்பதில் குரல் மேலே போய் நின்றது, பேச்சு முடிந்த மாதிரி இல்லை. முடிப்பதற்கு ஏதாவது வேண்டும். பதிவு முழுக்கத் தேடினாள். கிடைத்தது. தொகுப்பாளர் இருமியதற்கு ஆனாம்மா சொன்ன அந்த 'அதுல ஒண்ணும் தப்பில்ல'. அதைத் தூக்கிக்கொண்டு வந்து கடைசியில் ஒட்டினாள். அச்சாகப் பொருந்தியது. பெற்ற தாயே வந்து கேட்டாலும் ஒட்டென்று சொல்ல மாட்டாள். நேரத்தை நிரப்ப அந்த நாய்க் கடிதத்துக்கான பதிலை நீட்டிவிட்டாள். தொகுப்பாளர் கண்டுபிடிப்பார் என்ற பயம் இல்லை. தன் குரலைத் தானே கேட்டால் கர்வம் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு சனிக்கிழமை காலையில் தூங்குகிறவர் அவர்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவள் போனபோது அக்கா பேசவே இல்லை. ஆறேகால் ஆயிற்று. அப்பா வாசலைப் பார்த்தார், கேட்டார். அக்கா சமையலறையிலிருந்தே, "கடைக்குப் போயிருக்காங்கப்பா" என்றாள். குரலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அப்பா தலையாட்டினார்.

"கேட்டியா இன்னைக்கு?" என்றாள் கத்தரி, ஒன்றும் தெரியாதவள் போல.

"கேட்டேன். நீ சொன்னதுதான் சரி போலிருக்கு. அந்தம்மாவே சொல்லிட்டாங்க. ஒரு ஆனாகூடச் சொல்லல."

ஜெயித்துவிட்டாள். அதற்கு மேல் என்ன வேண்டும்? வீட்டில் அழுகை நின்றது. அப்பா நேரத்துக்கு டீ குடித்தார். ஆனால் ஒரு வாரம் போவதற்குள் அக்கா ஒரு மாதிரி ஆகிவிட்டாள். ஆறேகாலுக்குக் கூடத்தில் இருப்பதில்லை. விடைத்தாள் கட்டோடு உள் அறைக்குப் போய்விடுவாள். கேட்டால் தலைவலி என்பாள். எட்டிப் பார்த்தால் திருத்தவும் இல்லை, ஒரே தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னமோ ஏதோ என்று கத்தரிக்கு உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கியது.

ஒரு வாரம் கழிந்து வந்த செவ்வாய்க்கிழமை ஆனாம்மா அவளுடைய அறைக்கே வந்துவிட்டார். கத்தரிக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். எழுந்து நின்றாள்.

"உக்காருங்கம்மா. சண்டை போட வரல" என்றார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "போன வாரம் ஊர்ல இல்ல. நேத்துதான் உங்க இணையதளத்துல நிகழ்ச்சியைக் கேட்டேன். நான் 'தப்பில்ல'ன்னு எங்க சொன்னேன்னு ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன். அது அவர் இருமினதுக்குச் சொன்னதுதானே?"

மழுப்பலாம் என்றுதான் நினைத்தாள். "நேரம் பத்தல மேடம்..." என்று ஆரம்பித்தும் விட்டாள். ஆனாம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பாள், அது இல்லை.

"ஆமா மேடம். இருமலுக்குச் சொன்னதுதான்."

"பதினோரு வருஷமா என் பேச்சை வெட்டறீங்க. நேரத்துக்காக வெட்டினா நீங்க எப்படி வெட்டுவீங்கன்னு எனக்குத் தெரியும். இது நேரத்துக்காக வெட்டினது இல்ல. யாரையோ ஜெயிக்கணும்னு வெட்டினது. அந்த லெட்டர் நீங்க எழுதினதா?"

கத்தரி தலையாட்டினாள்.

"அப்பாவா?"

"அப்பா. அக்கா அவர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டே இருந்தா. உங்க பேச்சைக் கேட்டப்புறம் நிறுத்திட்டா."

"ஜெயிச்சுட்டீங்க, சரி. இப்ப எப்படி இருக்கு வீடு?"

வெளியே நடைபாதையில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டு, தேய்ந்து, நின்றது.

"அன்னைக்கு நீங்க கேட்டீங்களே மேடம், யாருக்காகப் பொய் சொல்றேன்னு. அதை வெட்டினதுக்குக் காரணம் அக்கா இல்ல. நான்தான்." அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அம்மா போன அன்னைக்கு நான் இங்கதான் இருந்தேன். அக்கா போன்ல சொன்னா. நான் 'சரி'ன்னேன். வெட்டிட்டிருந்த நிகழ்ச்சியை முடிச்சுக் குடுத்துட்டுதான் போனேன். லீவ் லெட்டர்லகூட குடும்பக் காரணம்னுதான் எழுதினேன். இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் அந்த வார்த்தையைச் சொன்னதில்ல. அழுததும் இல்ல."

ஆனாம்மா கையை நீட்டி அவள் கைமேல் வைத்தார்.

"வர்ற சனிக்கிழமை முழுசாப் போடுங்கம்மா. நான் தெரியலன்னு சொன்னதையும் சேர்த்து. உங்க வீட்டுக்காக மட்டும் கேக்கல. என் பேரைச் சொல்லி எத்தனை வீட்ல யார் யார் என்ன பண்ணிட்டிருக்காங்களோ. அதுக்கு முன்னாடி அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. ரேடியோ மூலமா அவங்களுக்குத் தெரியக் கூடாது."

"அக்கா என்னை வீட்டுக்குள்ள சேக்க மாட்டா மேடம்."

"சேக்காம போகலாம்" என்றார் ஆனாம்மா. ஆறுதலுக்காகக்கூட அவர் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லவில்லை. இதற்குப் பின்னால் அவர் ஒரு 'ஆனா' சொல்ல மாட்டாரா என்று கத்தரி காத்திருந்தாள். சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே போனாள். வெட்டாத பதிவு அவள் போனில் இருந்தது. சமையலறை மேசையில் அக்காவை உட்காரவைத்து, ஹெட்போனைக் காதில் மாட்டி, "முழுசாக் கேளு. அப்புறம் அடிக்கணும்னா அடி" என்றாள்.

அக்கா கேட்டாள். இருமல் வந்த இடத்தில் புருவம் சுருங்கியது. கணக்கு டீச்சர் அல்லவா, எங்கே எதைக் கூட்டி எங்கே எதைக் கழித்திருக்கிறாள் என்று உடனே பிடித்துவிட்டாள். தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். அந்த ஒன்பது விநாடி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, கம்பியை மெதுவாகச் சுற்றினாள். சுற்றி முடித்துவிட்டு மறுபடி பிரித்தாள்.

"லெட்டர் எழுதினவளும் நீதானா?"

"ஆமாக்கா."

"அந்தம்மா குரலைத் திருடி என்னை ஏமாத்தினே."

"ஆமா."

கத்தரி அடிக்குத் தயாராக இருந்தாள். அக்கா கத்தவில்லை.

"அந்தக் கால் மணி நேரம் அவர் மட்டும் அழுவார்னு நினைச்சியா? நானும்தான்டி அழுவேன். அவர் கையைப் பிடிச்சுட்டு ரெண்டு பேரும் சேர்ந்து அழுவோம். மத்தவங்க எல்லாம் எட்டு மாசம் ஆச்சே, போதும், உன் உடம்பைப் பாத்துக்கோன்னு சொல்லிட்டாங்க. நீ அழவே மாட்டே. உன்கிட்ட அம்மான்னு ஆரம்பிச்சா பேச்சை மாத்திடுவே. அவர் ஒருத்தருக்குத்தான் தினமும் அது இன்னைக்கு நடந்த மாதிரி இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்காக உண்மை பேசினேன்னு சொன்னதெல்லாம் சும்மா. எனக்கு, என்னோட சேர்ந்து அழ ஒரு ஆள் வேண்டியிருந்தது. இந்தப் பத்து நாளா அதுவும் இல்ல."

அக்கா கல்நெஞ்சுக்காரி என்று இத்தனை நாள் நினைத்தோமே, அப்பாவின் அழுகையை நிறுத்துகிறேன் பேர்வழி என்று அக்காவின் அழுகையையும் சேர்த்தல்லவா நறுக்கிப் போட்டுவிட்டோம் என்று கத்தரிக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. அக்காவின் கையைப் பிடிக்கப் போனாள். கூடத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"உங்க அம்மா இன்னும் வரலையா?"

கத்தரி எழுந்தாள். "நான் போறேன்" என்றாள்.

அப்பா சோபாவின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் போய்த் தரையில், அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைக்கு என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அப்படித்தான் செய்வாள்.

"அம்மா இறந்துட்டாங்கப்பா."

சொன்ன மறுகணம் எட்டு மாதமும் மொத்தமாக அவள்மேல் இடிந்து விழுந்தது. அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள். அப்பாவின் அழுகைக்குத்தான் அவள் பயந்திருந்தாள். அவர் அழவில்லை. திகைத்துப்போய், யாரோ அடுத்த வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது போல அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கை அவள் கையிலிருந்து நழுவி அவள் தலைமேல் வந்தது.

"அடடா. உன் அம்மாவாம்மா?" என்றார். "எப்ப?"

"எட்டு மாசம் ஆச்சுப்பா."

"எட்டு மாசமாவா இப்படி அழறே?"

"இல்லப்பா. இன்னைக்குத்தான்."

"சரி சரி. அழு. இங்கயே இரு, எங்கயும் போகாதே. என் வீட்டுக்காரி இப்ப வந்துடுவா. இந்த மாதிரி நேரத்துல என்ன பேசணும்னு அவளுக்குத்தான் தெரியும். எனக்கு வராது." அவர் அவள் முடியைக் கோதிக்கொண்டே வாசலைப் பார்த்தார்.

அக்கா அதைக் கேட்டுக்கொண்டு சமையலறைக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். நிற்க முடியாமல் வந்து தங்கையின் பக்கத்தில் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அப்பா புதிதாக வந்தவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது யாரும்மா?"

"என் அக்காப்பா" என்றாள் கத்தரி.

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இவளுக்கும்தானே அம்மா போயிட்டாங்க" என்று சொல்லி, இன்னொரு கையை நீட்டி அக்காவையும் இழுத்து அணைத்துக்கொண்டார்.